மே-41 பிறந்த தெரு

புது வைரஸ் ஒன்று ஊருக்குள் தலைகாட்டியிருக்கிறது என்று சொன்னால் புத்தியுள்ளவன் என்ன கேட்பான்? "ஆளைக் கொல்லுமா?" என்று கேட்பான். "பிள்ளைகளை எப்படிக் காப்பாத்தறது?" என்று கேட்பான். மேட்டுக்கரைப்பாளையத்துப் பெரிய மனிதர்கள் இருபத்தெட்டுப் பேர் ஊர்நலச் சங்கத்தில் கூடி, முறுக்கும் காபியும் முடித்து, ஏப்பம் விட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏனுங்க மேடம், இது எந்தத் தெருவுல பொறந்துச்சுங்க?"

கேட்டவர் சங்கத் தலைவர் சென்னியப்பன். நூல் மில் முதலாளி. கும்பிடு போட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். பதில் சொல்ல வேண்டியவள் தமயந்தி, அரசு வைரஸ் கண்காணிப்பு நிலையத்தின் பொறுப்பாளர். இருபது வருஷமாகச் சாக்கடையைப் படிப்பதுதான் அவள் உத்தியோகம். ஊரிலுள்ள முப்பத்தொரு பாதாளச் சாக்கடைச் சேம்பர்களிலும் ஒவ்வொரு பெட்டி மாட்டியிருந்தது. எந்தத் தெருத் தண்ணீரில் என்ன கிருமி ஓடுகிறது, போன வாரத்துக்கு இந்த வாரம் அது எவ்வளவு உருமாறியிருக்கிறது என்று அந்தப் பெட்டி ஓயாமல் படித்துச் சொல்லும். ஊர்க்காரர்கள் அதற்கு மோப்பப் பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

"தெரு முக்கியமில்லைங்க" என்றாள் தமயந்தி. "இது பழைய தி-9 வைரஸோட உருமாறின வகை. மே-41ன்னு பேர் வெச்சிருக்கோம். அது ஒருத்தர்கிட்ட இருந்து ரெண்டு பேருக்கு ஒட்டுச்சுன்னா இது ஆறு பேருக்கு ஒட்டுது. முகக்கவசம் போடணும், கூட்டம் கூடக் கூடாது, வயசானவங்களைப் பத்திரமாப் பார்த்துக்கணும்."

கடைசி வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "ரொம்ப வேகமாப் பரவுதுன்னா ரொம்பக் கொடூரமானதுங்களா?"

அப்பாடா, ஒரு மனிதன் இருக்கிறான் என்று தமயந்திக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்படியில்லைங்க ஐயா. பரவுறதும் கொல்றதும் வேற வேற சங்கதி. வேகமாப் பரவி ஒண்ணும் பண்ணாமப் போறதும் உண்டு. பரவுறது ஒரு வாரத்துல தெரிஞ்சுபோகும். கொல்லுமான்னு தெரிய எட்டு வாரம் ஆகும். ஆளுங்களுக்கு ஒட்டணும், முத்தணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், எத்தனை பேர் திரும்பி வந்தாங்க, எத்தனை பேர் வரலைன்னு பார்க்கணும். இன்னொண்ணு, நூத்துல ஒருத்தரைக் கொல்றது பத்துப் பேருக்கு வந்தா ஒண்ணுமில்லை. ஆயிரத்துல ஒருத்தரைக் கொல்றது ஊருக்கே வந்துச்சுன்னா..."

"வாத்தியாரே, உக்காருங்க" என்றார் சென்னியப்பன். "மேடம், நம்மூர்ல பொறந்துச்சுன்னு எப்படிங்க சொல்றீங்க? பஸ்ஸுல ஏறி வெளியூர்ல இருந்து வந்திருக்கலாமல்லோ?"

"வெளியூர்ல இருந்து வந்திருந்தா மாற்றத்தோட கடைசிப் படி மட்டும்தான் பெட்டியில தெரியும். இங்க ஒரே சேம்பர்ல முதல் படியில இருந்து கடைசிப் படி வரைக்கும் ஏணி முழுசாத் தெரியுது. ஒரே ஆள் உடம்புல ஆறேழு மாசம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமா மாறி, அப்புறம்தான் வெளிய வந்திருக்கு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்க உடம்புல அப்படித் தங்கும். அவங்க பண்ணின தப்பு ஒண்ணுமில்லை இதுல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோசனம்? இருபத்தெட்டுப் பேரும் அப்போதே கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு பெரிய திரை உண்டு. எந்தத் தெருவில் எந்த வைரஸ் என்று நிறம் போட்டுக் காட்டும், கைப்பேசியிலும் பார்க்கலாம். மக்களுக்கு விவரம் தெரிந்தால் கவனமாக இருப்பார்கள் என்று சண்டை போட்டு அந்தத் திரையை வாங்கி வைத்ததே தமயந்திதான். அறிவு வந்தால் அக்கறை வரும் என்று நம்பிய மடச்சி! திரையில் முப்பது சேம்பர் பச்சையாக இருந்தது. கிழக்குக் கோடியில் ஏழாம் நம்பர் சேம்பர் மட்டும் சிவப்பாக இருந்தது.

"கெழக்கயா!" என்றார் சென்னியப்பன். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மண்டபமே நிம்மதியாக மூச்சு விட்டது. கொல்லுமா கொல்லாதா என்கிற கவலை அதற்கு மேல் ஒருவருக்கும் இல்லை.

ஏழாம் சேம்பரில் வந்து சேருவது பன்னிரண்டு வீட்டுத் தண்ணீர். அதில் ஓயாத சீக்காளி யார் என்று கண்டுபிடிக்க விஞ்ஞானம் வேண்டியதில்லை. மயிலாள். பஞ்சாயத்துப் பள்ளியில் சத்துணவுச் சமையல்காரி. நாற்பத்து நாலு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பியின் சிறுநீரகத்தை வாங்கிப் பொருத்திக்கொண்டவள். வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டாக வேண்டும். சட்டப்படி அவள் பேர் வெளியே வரக் கூடாது. மறுநாள் காலை எட்டு மணிக்குள் பேக்கரியில் டீ ஆற்றுகிறவனுக்குக்கூட அவள் பேர் தெரிந்திருந்தது.

அன்றைக்குப் பள்ளியில் நூற்று நாற்பது தட்டுக்குச் சோறு வடித்திருந்தாள். ஒன்பது பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளை அந்த அடுப்படியில் நியமித்தபோதும் இப்படித்தான் அறுபது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வயிற்றுவலி வந்தது. அப்போது காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டார்கள். இப்போது விஞ்ஞானமே காரணம் கொடுத்துவிட்டது, விடுவார்களா? தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, சமையல் வேண்டாம், மைதானத்தைக் கூட்டினால் போதும் என்றார். பேக்கரியில் அவளுக்கு மட்டும் காகிதக் கப், அதுவும் படிக்குக் கீழே. மேற்குத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றார்கள். கிழக்குத் தெருப் பெண்களை மில்லில் வேலைக்கு வரவேண்டாம் என்றார் சென்னியப்பன், கும்பிட்டுக்கொண்டேதான்.

சுகாதார நிலையத்தில் எடுத்திருந்த மயிலாளின் சளிச் சோதனை முடிவோடு தமயந்தி நேரில் போனாள். குற்ற உணர்ச்சி அவளை வீட்டில் உட்கார விடவில்லை.

மயிலாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருமல் இருந்தது. முகம் வீங்கியிருந்தது. "வாங்க மேடம். நீங்கதான் என்ற வவுத்தைப் படிச்சவியளா?"

"மன்னிச்சிருங்க அக்கா. அந்தத் திரையை வெச்சது நான்தான்."

"நீங்க திரை வெக்காட்டியும் இவியளுக்கு ஒரு வழி கெடைச்சிருக்குமுங்க. வுடுங்க. எனக்கு என்னன்னு சொல்லுங்க."

"ஏழு மாசமா உங்க நுரையீரல்ல வைரஸ் இருக்கு. உங்க மாத்திரையால உடம்பு அதை விரட்ட முடியலை. அதனால மாறிக்கிட்டே இருக்கு. ஊசி இருக்கு, ஆறு ஊசி. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. ஆறும் போட்டா சுத்தமாப் போயிரும். போடலைன்னா நுரையீரல் தாங்காது, ஒரு வருஷம்கூட..."

"சாவுன்னு சொல்லுங்க, பரவால்லீங்க" என்றாள் மயிலாள். "அது கெடக்கட்டும். ஊர்ல வேற ஆருக்காச்சும் இதுனால ஏதாச்சும் ஆயிப்போகுமுங்களா?"

"தெரியலை. எட்டு வாரம் ஆகும் தெரிய."

"ஊரே என்னையக் கேக்காம முடிவு பண்ணிப்போட்டுது. நீங்க படிச்சவிய, எட்டு வாரங்கறீங்க" என்று சொல்லிவிட்டு மயிலாள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தமயந்தி வீடு திரும்பினாள்.

வைரஸுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. மூன்றாவது வாரம் பேக்கரித் தெரு சிவந்தது. ஐந்தாவது வாரம் சென்னியப்பன் குடியிருக்கும் மேற்குத் தெரு நாலு சேம்பரும் சிவந்தன. உடனே சங்கத்திலிருந்து மனு போனது: பேருந்து நிலையத் திரை பொதுமக்களிடையே தேவையற்ற பீதியைக் கிளப்புகிறது, அதை அகற்ற வேண்டும். ஒரே நாளில் அகற்றினார்கள். கைப்பேசியிலும் நிறுத்தினார்கள். ஒரு தெரு சிவப்பாக இருந்தபோது அது விழிப்புணர்வு. ஊரே சிவப்பானபோது பீதி. என்ன நியாயமோ! பெட்டிகள் மட்டும் தம்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கெல்லாம் இப்போது தமயந்தியின் மேஜைக்கு மட்டுமே வந்தது.

எட்டாவது வாரம் முடிவு வந்தது. மே-41 சாது. இரண்டு நாள் மூக்கு ஒழுகும், ஒரு நாள் உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். அது மட்டுமில்லை, மே-41 ஒருமுறை வந்து போனவர்களைத் தி-9ஆல் தொடவே முடியவில்லை. போன வருஷம் இதே ஊரில் முப்பத்தாறு பேரைத் தின்ற தி-9, இப்போது பக்கத்து மாவட்டத்தில் மறுபடி கிளம்பியிருந்தது. சாது என்றாலும் மே-41 இரண்டு கிழவர்களைக் கொண்டுபோயிருந்தது. தமயந்தி அறிக்கையில் அதை முதல் வரியாக எழுதினாள். "அவிய எப்படியும் போற வயசுதானுங்க" என்று ஊர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! மூன்றே நாளில் ஊர் எல்லையில் பிளக்ஸ் பேனர் முளைத்தது. "உலகைக் காக்கும் மே-41 பிறந்த மண் உங்களை வரவேற்கிறது." கீழே சென்னியப்பன் கைகூப்பியபடி. மயிலாள் படம் எந்த மூலையிலும் இல்லை. அடுத்த வாரம் அவரே இனிப்புப் பெட்டியோடு நிலையத்துக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு சின்னச் சந்தேகமுங்க. மேக்க இருந்து கெழக்கதானுங்களே சரிவு? எங்க தெருத் தண்ணிதானுங்க கெழக்க ஓடுது. அப்ப நெஜமாலுமே அது எங்க தெருவுல பொறந்திருக்கலாமுங்களே? கொஞ்சம் திருத்தி எழுதினீங்கன்னா..."

"ஏழாம் சேம்பர்ல உங்க தெருத் தண்ணி ஒரு சொட்டு சேராதுங்க. சேரக் கூடாதுன்னு தனிக் குழாய் போடச் சொல்லி மனு கொடுத்ததே உங்க சங்கம்தான். கோப்பு என்கிட்ட இருக்கு."

சென்னியப்பன் இனிப்புப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து மாவட்டத்தில் சாவு கூடக்கூட, ஊரில் எல்லாருக்கும் மே-41 வேண்டுமென்று ஆயிற்று. அதுதான் ஊரெல்லாம் இறைந்து கிடக்கிறதே, முக்கால்வாசிப் பேருக்கு வந்தே போயிருக்குமே, பேக்கரியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமே என்றால் கேட்பார்களா? கறந்த பாலைத் தண்ணீர் கலக்காமல் வாங்கிப் பழகிய ஊர். கை மாறிக் கை மாறி வந்தால் வீரியம் குறைந்துவிடும், எதையும் மூலத்திலிருந்து வாங்க வேண்டும் என்று எவனோ கிளப்பிவிட்டான். ஊர் அப்படியே பிடித்துக்கொண்டது. மூலம் எது? மயிலாள். எப்படி வாங்குவது? ஒரு தம்ளர் தண்ணீர். அவள் ஒரு வாய் குடிக்க வேண்டும், மிச்சத்தை இவர்கள் குடிக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கே கிழக்குத் தெருவில் கார் நின்றது. ஆறு வருஷம் அவள் தொட்ட சோற்றைத் தொடாத மேற்குத் தெரு, அவள் எச்சிலுக்கு வரிசையில் நின்றது. ஆனால் ஒன்று, தம்ளரை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். எச்சில் வேண்டும், அவள் வீட்டுத் தம்ளர் ஆகாது! சென்னியப்பன் வெள்ளித் தம்ளர் கொண்டுவந்தார்.

இதற்கிடையில் மாவட்டத் தலைநகரிலிருந்து சுகாதாரத் துறைத் துணை இயக்குநர் ரகோத்தமன் காணொளியில் வந்தார். மருந்து வரத் தாமதமானதில் மயிலாளுக்கு அதுவரை நாலு ஊசிதான் முடிந்திருந்தது.

"மிச்சம் ரெண்டு ஊசியை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் தமயந்தி. பொது நலன். தி-9 அலை ஓயற வரைக்கும் மூலம் அழியாம இருக்கட்டும். அந்தம்மாவை இங்கே ஒரு பாதுகாப்பு அறையில வெச்சுப் பார்த்துக்கலாம். அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி ஊர்ல பாராட்டு விழா வெக்கிறாங்களாமே, முடிஞ்சதும் நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வந்துடலாம்."

"சார், அவங்க ஒரு மனுஷி, பால் மாடு இல்லை. நாலோட நிறுத்தினா மிச்சம் இருக்கிறது எல்லாத்துக்கும் தாக்குப்பிடிச்ச வைரஸாத்தான் இருக்கும். அவங்க செத்துருவாங்க. அதுவும் போக, ஊர்ல சுத்துற மே-41 ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அவங்க உடம்பை விட்டுக் கிளம்பினது. உள்ள இருக்கிறது நிக்காம மாறிக்கிட்டே இருக்கு. இப்ப இருக்கிறது மே-41ஏ கிடையாது. அது சாதுவா, எமனான்னு யாருக்கும் தெரியாது."

"எமன்னு ஆதாரம் இருக்கா?"

"இல்லை."

"எப்போ தெரியும்?"

"எட்டு வாரம் ஆகும்."

"நீங்க எப்பவும் எட்டு வாரம்தான் சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார். ஊசி மருந்தை நிறுத்தி வைக்கும் உத்தரவு மாலையே வந்தது. தமயந்தி மறுப்புக் கடிதம் மூன்று எழுதினாள். மூன்றுக்கும் பதில் இல்லை. வரிசையில் நின்றவர்களிடமும் இது ஆபத்து என்று சொல்லிப் பார்த்தாள், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆத்திரத்தில் அழுகை வந்தது. இருபது வருஷம் சாக்கடையைப் படித்ததில் இவ்வளவு நாற்றத்தை அவள் கண்டதில்லை.

மயிலாளிடம் போய் உள்ளதைச் சொன்னாள். மயிலாள் உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்து வந்தாள். பிறகு, "அந்த ஊசி பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். தமயந்தி எழுதிக் கொடுத்தாள். இவளுக்கு எதற்கு இது என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் காலை தமயந்தி அந்த வழியாகப் போனபோது வரிசையைக் காணோம். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மேற்குத் தெருவே சாணி மெழுகிய தரையில் பந்தியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இலையில் ஆவி பறக்க அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். மயிலாள் முகக்கவசம்கூட இல்லாமல் அன்னக்கரண்டியோடு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதென்னக்கா?" என்று தமயந்தி காதைக் கடித்தாள்.

"வெறும் வவுத்துல குடிச்சா புடிக்காதுன்னு சொல்லிப்போட்டனுங்க. என்ற கையால சாப்புட்டுட்டுக் குடிச்சாத்தான் புடிக்குமுன்னு."

"யார் சொன்னது அப்படி?"

"நாந்தானுங்க."

தமயந்திக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மயிலாள் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள், ஒரு இருமல்கூட இல்லை. முக வீக்கத்தையும் காணோம்.

நிலையத்துக்கு ஓடினாள். முப்பத்தொரு சேம்பரையும் தினம் பார்க்க முடியாமல், மறுப்புக் கடிதம் எழுதுவதிலேயே நாளைக் கழித்திருந்தாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஏழாம் சேம்பரின் கணக்கைத் திறந்தாள். மே-41 இல்லை. அதன் குட்டி இல்லை, குளுவான் இல்லை. மூன்று வாரமாகத் துடைத்து வைத்தது போலிருந்தது. சாயங்காலமே மயிலாளிடமிருந்து சளி மாதிரி எடுத்துச் சோதித்தாள். அதிலும் ஒன்றுமில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தாள். சுத்தம்.

"ரெண்டு ஊசியும் எங்க போட்டீங்க?"

"கோயமுத்தூர்ல. கிட்னி டாக்டரு கிட்ட மாசாமாசம் போறனல்லோ, உங்க சீட்டைக் காட்டினேன். 'உத்தரவு உங்க மாவட்டத்து மருந்துக்குத்தான், என்ற நோயாளிக்கு இல்லை'ன்னு சொல்லி அவரே போட்டு வுட்டாரு. ரெண்டு ஊசிக்கும் பஸ்ஸுலதான் போய் வந்தனுங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"உங்குளுக்குத் தெரிஞ்சா எழுதோணும். எழுதினா நிறுத்துவாங்க."

"சரி, உடம்புல ஒண்ணுமில்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அப்புறமும் ஏன் தினம் குடிச்சுக் குடிச்சுக் கொடுக்கறீங்க?"

மயிலாள் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "கேக்கறாங்க, குடுக்கறேன்" என்றாள். "நான் மருந்துன்னு ஒருநாளும் சொல்லலீங்க. அவியளாத்தான் சொல்லிக்கறாங்க."

"நான் இதை விழாவுல சொல்லியாகணும். சொன்னாத்தான் உங்களை அந்த அறைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. மறுபடி சமையலுக்குப் போகவும் இந்தச் சான்றிதழ் வேணும்."

"சொல்லுங்க. உள்ளதைத்தானே சொல்றீங்க."

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மேளம், பன்னீர், வாழைமரம், ஒன்றிலும் குறையில்லை. வாசலில் சுகாதாரத் துறையின் மூடிய வெள்ளை வண்டி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. மேடையில் ரகோத்தமனுக்கும் சென்னியப்பனுக்கும் நடுவே மயிலாள் உட்கார்ந்திருந்தாள்.

தமயந்தி சென்னியப்பனை மணமகள் அறைக்குள் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினாள். மூன்று வாரத்துக்கும் மேலாக மயிலாள் உடம்பில் வைரஸே இல்லை என்று வாசித்ததும் மனிதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்ப எங்குளுக்குப் பாதுகாப்பு?" என்றார்.

"அதுக்கு ஒரு குறையுமில்லைங்க. உங்க தெருச் சேம்பர்ல மே-41 வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. உங்க வீட்டுச் சாக்கடையே சாட்சி. உங்க எல்லாருக்கும் எப்பவோ வந்து, மூக்கு ஒழுகி, போயும் போயிருச்சு. நீங்க அவங்க வீட்டு வாசல்ல வரிசையில நின்னிருக்கவே வேண்டியதில்லை."

நல்ல செய்திதானே? கேட்டவர் முகம் வெளிற வேண்டியதில்லையே? ஆனால் சென்னியப்பனுக்கு வெளிறியது. எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக நெஞ்சாரக் கும்பிட்டார்.

"மேடம், உங்க காலுல வேணும்னாலும் வுழுகறேன். இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க."

"என்ன இருந்துச்சுன்னு?"

"வைரஸு. அந்தப் பொம்பள ஒடம்புல நேத்து வரைக்கும் வைரஸு இருந்துச்சுன்னு. ஊரே குடிச்சிருக்குதுங்க. என்ற சம்சாரம், என்ற மருமவ, எங்க அம்மா எம்பத்தாறு வயசு... மருந்துன்னு நெனைச்சுக் குடிச்சோமுங்க. அதுல ஒண்ணுமே இல்லீன்னு சொன்னீங்கன்னா, அப்புறம் நாங்க குடிச்சது..."

அவள் உடம்பில் நோய் இருக்கிறது என்று ஊரைவிட்டு ஒதுக்கிய மனிதன், அவள் உடம்பில் நோய் இருந்ததாக எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினான். தமயந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கன்னத்தில் அறைந்தால் தேவலை என்றிருந்தது. "அப்படி எழுதினா அந்த வண்டியில அவங்களை ஏத்திருவாங்க. தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

"நல்லாப் பாத்துக்குவாங்கங்க. ஏசி ரூமாமுங்க."

தமயந்தி கதவைத் திறந்துகொண்டு நேரே மேடைக்குப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். சுற்றி வளைக்கவில்லை. மயிலாள் முழுக்கக் குணமாகிவிட்டாள், மூன்று வாரத்துக்கும் மேலாக அவள் உடம்பில் எந்த வைரஸும் இல்லை, ஊர்க்காரர்களுக்கு மே-41 அதற்கு வெகு முன்பே வந்து போய்விட்டது, எல்லாருக்கும் பாதுகாப்பு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று வாசித்தாள். கையெழுத்திட்ட சான்றிதழை மயிலாள் கையில் கொடுத்தாள். ஒரு பிரதியை ரகோத்தமன் முன்னால் வைத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, டிரைவரைப் பார்த்து, வண்டி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கைதட்டல் எழவில்லை. மேளக்காரர் ஒருவர் மட்டும் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்கிற செய்தியை இத்தனை கலவரத்தோடு கேட்டுக்கொண்ட ஜனத்தைத் தமயந்தி அதுவரை பார்த்ததில்லை. நடு வரிசையில் பட்டுப்புடவைக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். பின்னால் யாரோ குழாயடிக்கு ஓடினார்கள். பொன்னாடையைத் தட்டில் ஏந்தி வந்த பெண் பாதி மேடையிலேயே நின்றுவிட்டாள்.

முன்வரிசையிலிருந்து சென்னியப்பனின் அம்மாதான் கேட்டார். காது மந்தம், அதனால் சத்தமாகவே கேட்டார். "ஏம் புள்ள, வைரஸு இல்லீங்கறீங்க. அப்ப இத்தினி நாளா நாங்க வாங்கிக் குடிச்சது என்னது?"

தமயந்தி வாயைத் திறப்பதற்குள் மயிலாள் எழுந்து வந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

"எச்சிலுங்க" என்றாள். "என்ற எச்சில். ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்க ஆத்தா, பயப்படாதீங்க."